"தீப்பிடித்தால் எத்தனை நிமிஷம் தாங்கும்?" கடை கட்டுவோர் கேட்க மறக்கும் கேள்வி!

தர்மபுரி–

புதுக்கடை கட்டுகிறவர் டைல்சுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார். ஆனால், "தீப்பிடித்தால் இந்தக் கூரை எத்தனை நிமிஷம் தாங்கும்?" என்று மேஸ்திரியிடம் கேட்பதே இல்லை.

தர்மபுரி, அரூர், பாலக்கோடு பக்கம் மொட்டை மாடிகளில் கீற்றுக் கொட்டகை இன்னும் தலைகாட்டுகிறது. வெயிலுக்கு இதம், செலவும் கம்மி. ஆபத்தும் அங்கேதான்!

கும்பகோணம் தந்த பாடம்

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் சமையல் கொட்டகைத் தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரிந்த கீற்று பிள்ளைகள் தலையில் விழுந்தது. ஓட நேரமில்லை. 94 குழந்தைகள் பலியானார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மாடிப் பந்தல் எரிந்தது. மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் மாண்டனர்.

2017 மே 31-ந் தேதி சென்னை தி.நகரில் 'தி சென்னை சில்க்ஸ்' 7 மாடிக் கட்டிடம் தீப்பிடித்தது. பகல் முழுக்க எரிந்தும், மறுநாள் அதிகாலையில்தான் ஒரு பகுதி இடிந்தது. அதற்குள் உள்ளே இருந்தவர்களை மீட்டுவிட்டார்கள்.

வித்தியாசம் என்ன? நேரம்தான்!

'பயர் ரேட்டிங்' என்றால் என்ன?

தீயை ஜெயிக்கும் பொருள் எதுவும் கிடையாது. நல்ல பொருள், தப்பி ஓட நேரம் கொடுக்கும். '2 மணி நேரக் கதவு' என்றால், சோதனை உலையில் 2 மணி நேரம் தீயை மறுபக்கம் விடாமல் நின்ற கதவு என்று அர்த்தம்.

இரும்பு எரியாது. ஆனால் சுமார் 550 டிகிரி சூட்டில் பலம் பாதியாகிவிடும். தூண் வளைந்து தகர ஷெட் கீழே இறங்கும். கான்கிரீட்டில் கம்பியைக் காப்பது, அதை மூடியிருக்கும் 'கவர்'. அதில் மிச்சம் பிடித்தால் தாங்கும் நேரமும் குறையும்.

ஜிப்சம் பலகைக்குள் நீர் கலந்திருக்கிறது. அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் சூடு அவ்வளவாக ஏறாது. தெர்மாகோல் சீலிங்கோ உருகி, கரும்புகை கக்கும். தீ விபத்துகளில் நிறைய பேரைக் கொல்வது நெருப்பை விடப் புகைதான்.

மாடிப்படியில் சரக்கு மூட்டை அடுக்கினால், எந்த ரேட்டிங்கும் உதவாது.

101-க்குப் போன் போட்டால் தீயணைப்பு வண்டி வரும். பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டித்தான் வரவேண்டும். அதுவரை கூரை தாங்குமா? அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது!