சென்னையில் பிறந்த டிரம்காரர் அவ்வளவு மோசமானவரா?

பீட்டில்ஸ் இசைக்குழு என்றால் உலகம் நான்கு பெயர்களைச் சொல்லும். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். ஆனால் ரிங்கோ வருவதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் அந்தக் குழுவில் டிரம் வாசித்த இன்னொருவர் உண்டு. அவர் பெயர் பீட் பெஸ்ட். பிறந்த தேதி 1941 நவம்பர் 24. பிறந்த ஊர், நம்மவர்களில் பலர் நம்ப மாட்டார்கள், அன்றைய மதராஸ் பட்டணம்!

அவர் தமிழர் அல்லர். போர்க்காலத்தில் தாயார் மோனா இங்கே இருந்ததால் இங்கே பிறந்தார். போர் முடிந்ததும், 1945-ஆம் ஆண்டு இறுதியில், குடும்பம் கப்பலேறி லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. ஆகவே, "நம் ஊர்ப் பிள்ளை" என்று கட்சி கட்டி வாதாட நான் வரவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் மீது ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வாசிக்கத் தெரியாத ஆள், அதனால்தான் வெளியே அனுப்பினார்கள்" என்பதே அது. இந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் என்பது என் கருத்து. மீதிப் பாதி, வேலை போனவன் மீது உலகம் வழக்கமாகச் சுமத்துகிற பழி.

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பீட்டில்ஸ் குழுவுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க அழைப்பு வந்தது. குழுவில் நிலையான டிரம்காரர் இல்லை. பெஸ்டின் தாயார் தம் வீட்டு நிலவறையில் 1959-ல் தொடங்கிய காப்பி கிளப்பில் இந்தப் பையன்கள் ஏற்கெனவே பாடியிருந்தார்கள். பெஸ்டிடம் சொந்தமாக டிரம் செட் இருந்தது. ஆகஸ்ட் 12 அன்று அவரைச் சேர்த்துக்கொண்டு சில நாட்களில் புறப்பட்டார்கள்.

ஹாம்பர்க்கில் அவர்கள் வாசித்தது சங்கீத சபையில் அல்ல. கப்பல் மாலுமிகளும் குடிகாரர்களும் நிறைந்த இரவு விடுதிகளில். ஓர் இரவுக்கு ஐந்து மணி, ஆறு மணி நேரம், வாரம் முழுவதும் வாசிக்க வேண்டும். கூட்டம் எழுந்து போகாமல் பிடித்து நிறுத்துவதே அங்கே வேலை. அதற்குப் பெஸ்டின் அடி பொருத்தமாக இருந்தது. காலால் அடிக்கும் பெரிய டிரம்மை ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு முறை விடாமல் அடித்துத் தள்ளுவார். அந்த முழக்கத்துக்கு லிவர்பூலில் "அணு அடி" என்றே பெயர் வந்தது. ஹாம்பர்க்கிலிருந்து திரும்பிய பிறகு லிவர்பூலில் குழுவின் புகழ் மளமளவென்று உயர்ந்த மாதங்களில் டிரம்முக்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். ஒன்றும் தெரியாதவரை வைத்துக்கொண்டு ஒரு குழு இரண்டு ஆண்டுகள் இப்படி வளர முடியுமா?

குற்றச்சாட்டு என்ன?

1962 ஜூன் 6 அன்று லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவின் வாசிப்பைக் கேட்டார்கள். பொறுப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம் திருப்தி தரவில்லை. இசைத்தட்டுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அன்று பதிவான "லவ் மீ டூ" பாடல் 1995-ல் வெளிவந்த ஆந்தாலஜி தொகுப்பில் இருக்கிறது. காது உள்ளவர்கள் கேட்டு முடிவு செய்யலாம். பாட்டின் நடுப்பகுதியில் பெஸ்ட் அடியை மாற்றுகிறார், மாற்றும் இடத்தில் பாட்டு தள்ளாடுகிறது, காலப்பிரமாணம் நிற்கவில்லை. இதை மறைத்துப் பேசினால் அது நியாயமாகாது. மார்ட்டின் கேட்ட குறை உண்மையான குறை.

ஆனால் அது எந்த இடத்துக்கான குறை என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரை சமயத்தில் மெல்லிசைக் கச்சேரி வைத்தால், கூட்டத்தை விடிய விடிய உட்கார வைக்கிற டிரம்காரரைத்தான் கெட்டிக்காரர் என்பார்கள். ஒரு பாட்டில் கால் அரைக்கால் வேகம் கூடினாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை. அதே ஆளைச் சென்னையில் அந்தக் காலத்து சினிமா ரிக்கார்டிங் தியேட்டரில் உட்கார வைத்தால் கதை வேறு. எல்லா வாத்தியங்களும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மேடைக்கு ஓர் அளவுகோல், தட்டுக்கு ஓர் அளவுகோல். பெஸ்ட் முதலாவதில் தேறினார், இரண்டாவதில் தேறவில்லை. அவ்வளவுதான்.

மார்ட்டினும் இசைத்தட்டுக்கு மட்டுமே வேறு ஆள் கேட்டார். குழுவை விட்டே நீக்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. நீக்குவது என்று முடிவு செய்தவர்கள் கூட வாசித்த மூவர்.

ரிங்கோவுக்கும் அதே சோதனை

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சேதி உண்டு. பெஸ்ட் போய் ரிங்கோ வந்தார். 1962 செப்டம்பர் 4 அன்று அதே கூடத்தில் அதே பாட்டைப் பதிவு செய்தார்கள். அதிலும் மேலிடத்துக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, ஆண்டி வைட் என்ற கூலிக்கு வாசிக்கும் டிரம்காரரை உட்கார வைத்துவிட்டு, ரிங்கோ கையில் கஞ்சிரா போன்ற டாம்பரினைக் கொடுத்தார்கள்! அடுத்த ஆண்டு வந்த முதல் எல்.பி. தட்டில் அந்தப் பாட்டுக்கு டிரம் வாசித்திருப்பவர் ஆண்டி வைட்தான்.

ஆக, முதல் நாள் சோதனையில் தேறாதது பெஸ்ட் ஒருவர் மட்டும் அல்ல. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ரிங்கோவுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது, பெஸ்டுக்குக் கிடைக்கவில்லை. ரிங்கோ அதைப் பயன்படுத்திக்கொண்டு உலகம் மெச்சும் வாசிப்பாளர் ஆனார். அவர் வந்த பிறகு குழு மேலும் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பின்னால் வந்தவர் நல்லவர் என்பதால் முன்னால் இருந்தவர் மோசமானவர் ஆகிவிடமாட்டார்.

வேறு காரணங்களும் பேசப்பட்டன. பெஸ்ட் அதிகம் பேசாதவர். மேடையை விட்டு இறங்கினால் தன் வழியே போய்விடுவார். மற்றவர்கள் தலைமுடியை முன்னால் இறக்கி வாரிக்கொண்டபோது இவர் மாற்றிக்கொள்ளவில்லை. பெண்களுக்கு இவர் முகம் மிகவும் பிடித்திருந்தது. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்பது அந்த மூவரின் மனசுக்கே வெளிச்சம். ஆனால் கூட்டாளிகளோடு ஒட்டாத ஆளின் வேலையில் குறை சீக்கிரம் கண்ணுக்குப் படும் என்பது அலுவலகம் போகிற எவருக்கும் தெரிந்ததுதானே?

நம்மிடமும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளவர். அவர் பக்கவாத்தியமாக உட்கார்ந்தால் வயலின்காரர் தம் வழக்கமான இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதனால் தொடக்க காலத்தில் அவரோடு மேடையேறப் பலர் தயங்கினார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் துணிந்து ஆதரித்தார். பிறகு பாலக்காடு மணி அய்யருக்கு இணையாக வைத்துப் பேசும் அளவுக்குப் பழனியின் பெயர் ஓங்கியது. குறை கையில் இல்லை, உட்காரும் இடத்தில் இருந்தது. இடம் மாற்றிக் கொடுக்க ஒரு பெரிய மனிதர் கிடைத்தார். பெஸ்டுக்கு ஒரு செம்பை கிடைக்கவில்லை.

சொன்ன விதம்

என் மனத்தை அதிகம் உறுத்துவது நீக்கிய விதம். 1962 ஆகஸ்ட் 16 காலையில் மானேஜர் பிரையன் எப்ஸ்டீன் பெஸ்டைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, "உனக்குப் பதில் ரிங்கோ வருகிறார்" என்ற சேதியைச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் உண்ட மூவரில் ஒருவரும் கூட வரவில்லை. "நாங்கள் கோழைகள் போல் நடந்துகொண்டோம்" என்று பிற்காலத்தில் லென்னனே ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கொடுமை, ரிங்கோ வந்து சேரும் வரை இடையில் உள்ள நிகழ்ச்சிகளுக்கு நீயே வாசி என்று வேறு கேட்டார்கள். அவர் போகவில்லை. யார்தான் போவார்கள்?

எங்கள் ரயில்வேயில் ஒருவரை நீக்க வேண்டுமென்றால் 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் இருக்கின்றன. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதில் கேட்க வேண்டும், விசாரணை வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களே நம்மில் அதிகம். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர், கிரானைட் குவாரியில் கல் உடைக்கிறவர், கடையில் கணக்கு எழுதுகிறவர் ஆகியோருக்கு, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற ஒரே வார்த்தைதான் சார்ஜ் ஷீட்டும் தீர்ப்பும். காரணம் கேட்டால் மேஸ்திரி சொல்லமாட்டார். ஆனால் அடுத்த மேஸ்திரியிடம், "அந்த ஆள் சரியில்லை" என்று சொல்லிவிடுவார். கூலியோடு போகவேண்டிய நஷ்டம் பெயரையும் கொண்டுபோகிறது.

பெஸ்டுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு ரொட்டிக் கிடங்கில் மூட்டை ஏற்றினார். அதன்பின் லிவர்பூலில் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து சுமார் 20 ஆண்டுகள் பணி செய்தார். வேலை பறிபோனவர், வேலை இல்லாதவர்களுக்கு வழி காட்டும் மேசையில் உட்கார்ந்தார்! 1988-ல் மறுபடி டிரம் குச்சியைக் கையில் எடுத்துச் சொந்தக் குழு கண்டார். 1995-ல் வந்த தொகுப்பில் அவர் வாசித்த பத்துப் பாடல்கள் இடம்பெற்றதால், 33 ஆண்டுகள் கழித்து உரிய பங்குத் தொகையும் வந்து சேர்ந்தது. 2025-ல், 83-ஆம் வயதில், மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆகவே என் தீர்ப்பு இது. பீட் பெஸ்ட் மேதை அல்லர், மோசமானவரும் அல்லர். தாம் செய்த வேலைக்குப் போதுமானவர். குழு போக இருந்த உயரத்துக்குப் போதாதவராக இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவரை மாற்றுவது நிர்வாகத்தின் உரிமை. முகம் பார்த்துக் காரணம் சொல்வது கடமை. அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டதை மூடி மறைக்கவே, "அவனுக்கு வாசிக்கத் தெரியாது" என்ற பேச்சு உதவியது.

அடுத்த முறை நம் தெருவில் யாரையாவது, "வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம், ஆள் எப்படியோ" என்று யாராவது பேசினால், நிறுத்தியவர் என்ன காரணம் சொன்னார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் பதில் வராது.