புதுக் கோப்பு மட்டும் உருவாக மாட்டேன் என்கிறது

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோரில் பச்சைக்காய் எடை போடத் தொடங்கும்போது, அன்றைய தேதியில் ஒரு கோப்பு புதிதாக உருவாக வேண்டும். கேட்பது அவ்வளவுதான். யார் எத்தனை கிலோ எடுத்தார் என்பது அதில் ஏறும். சிக்னல் கிடைக்கிற நேரத்தில் அதன் நகல் கீழே போடியில் இருக்கிற கணக்குக் கணினிக்கு வந்து சேரும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி வருகிற பெண்களின் கூலிக் கணக்கு அது. கோப்பு உருவாகவில்லை என்றால் தராசுக்கு முன்னால் அவர்கள் மூட்டையோடு நிற்க வேண்டியதுதான்.

இதற்காக லினக்ஸில் ஃபியூஸ் முறையில் ஒரு கோப்பு சர்வர் எழுதி ஓட்டுகிறோம். கர்னலுக்குள் கை வைக்காமல், சாதாரண நிரலாகவே ஓடி, பார்ப்பவருக்கு ஒரு ஃபோல்டராகத் தெரியும். 2005-இல் 2.6.14 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்த வசதி இது. அருமையான வசதி, மறுக்கவில்லை. பழைய கோப்பைத் திறந்தால் திறக்கிறது. படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னால் மட்டும் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று முகத்தில் அறைகிறது.

இன்புட்டா, அவுட்புட்டா? எதில் கோளாறு? டிஸ்க் போய்விட்டதா, வயர் தளர்ந்ததா, மழையில் கரண்ட் விட்டுவிட்டு வந்ததில் ஏதாவது கெட்டதா? அந்த வாசகத்தை நம்பி டிஸ்க்கை மாற்றிப் பார்த்தாயிற்று. அதற்கு மேல் வயிற்றெரிச்சல், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் சரியாக வேலை செய்கிறது! ஸ்டோரில் இருப்பவர்கள், “ரெண்டு தடவை தட்டுங்க சார், வந்துரும்” என்று பழகிக்கொண்டார்கள். எடை நிரலுக்கோ அந்தப் பழக்கம் உதவாது. ஏற்கெனவே இருக்கும் கோப்பு கூடாது, புதிதாகவே வேண்டும் என்று கேட்கும்படி எழுதப்பட்டது அது. இரண்டாம் முறை அதற்குக் கிடைக்கிற பதில், ‘கோப்பு ஏற்கெனவே இருக்கிறது’. இல்லாததால்தானே உருவாக்கச் சொன்னோம்?

சர்வரை டீபக் முறையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஆத்திரம் இரட்டிப்பானது. முதலில் ‘லுக்அப்’ வருகிறது: இந்தப் பெயரில் கோப்பு உண்டா? இல்லை என்று சர்வர் மைனஸ் 2 அனுப்புகிறது. சரியான பதில். அடுத்து 35-ஆம் எண் கட்டளை, ‘கிரியேட்’. சர்வர் கோப்பை உருவாக்கி, திறந்தும் வைத்து, பதில் அனுப்புகிறது. லாகில் ‘சக்சஸ்’ என்று பளிச்சென்று நிற்கிறது. அதே நொடியில் பக்கத்துத் திரையில் எரர். கர்னல் லாகைப் புரட்டினால் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கடைசியில் பிடிபட்டது இது: பதிலில் புதுக் கோப்பின் மோட் 0100644 என்று போக வேண்டும். 0644 என்று போய்க்கொண்டிருந்தது. யாருக்கு என்ன அனுமதி என்பது இருந்தது, இது சாதாரணக் கோப்பு என்று சொல்லும் பிட் இல்லை. பழைய கோப்புகளுக்கு அந்த மோட் டிஸ்க்கிலிருந்தே வருவதால் அங்கே சிக்கல் தெரியவில்லை. கர்னல் அந்தப் பிட்டைச் சோதிக்கிறது, காணோம் என்று கண்டுகொள்கிறது, பதிலைத் தள்ளுபடி செய்கிறது. எதற்காகத் தள்ளினேன் என்பதை மட்டும் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான 5-ஆம் எண் பிழையை நீட்டிவிடுகிறது. கோப்போ அடியில் டிஸ்க்கில் உருவாகிக் கிடக்கிறது.

தெரியாமல் சொல்லாவிட்டால் மன்னிக்கலாம். கர்னலுக்குத் தெரியும். சோதித்ததே அதுதானே! போடி ஏல மையத்தில் ஒரு லாட்டுக்கு விலை குறைந்தால் நிறம் மங்கல், லிட்டர் எடை போதாது, காய் சிறுசு என்று எவரும் காரணம் சொல்லிவிடுவார்கள். தோட்டக்காரர் அடுத்த சுற்றில் கவனித்துக்கொள்வார். இங்கே காரணம் கைவசம் இருந்தும் ஒரு எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனால் நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

இது முடியாத காரியமும் இல்லை. பெல் லேப்ஸில் பிளான் 9 இயங்குதளத்தை எழுதியவர்கள், கோப்பு சர்வர்கள் பேசிக்கொள்ளும் 9பி முறையில் பிழையை எண்ணாக வைக்கவில்லை, வாக்கியமாகவே அனுப்ப வைத்தார்கள். 2002-இல் வந்த நான்காம் பதிப்பிலும் அப்படித்தான். பிழை என்று வந்தால் கூடவே நாலு வார்த்தை வரும். அந்த நாலு வார்த்தையைத்தான் நானும் கேட்கிறேன். நிரலுக்குப் போகும் எண்ணை மாற்ற வேண்டாம். ‘கிரியேட் பதிலில் கோப்பு வகை இல்லை’ என்று கர்னல் லாகில் ஒரே ஒரு வரி எழுதினால் போதாதா?

திருத்தம் ஒரே வரியில் முடிந்தது. அந்தச் சுற்று எடுப்பின் கூலிக் கணக்கை இன்னும் துண்டுச்சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மழையில் நனைந்த சீட்டுகளில் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, யார் பெயருக்கு எத்தனை கிலோ என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.