இரட்டை ஆட்சிக்குக் கெடு வேண்டும்

ஒரு காரியாலயத்தின் கடிதப் போக்குவரத்தை நடத்தும் யந்திரம் பழையதாகிவிட்டால் புதியதை அமர்த்த வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. புதியதை அமர்த்திய பின் பழையதை எத்தனை நாள் கூடவே வைத்திருப்பது என்பதில்தான் குழப்பம் பிறக்கிறது. மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்தபால் ஸர்வரைக் கையாளும் ஸ்தாபனங்கள் பலவற்றில், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கூரையின்கீழ் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. பழையதை நிறுத்தவும் பயம். புதியதை முழுவதும் நம்பவும் பயம். இந்நிலை அபாயகரமானது என்பதும், இதற்கு முதல் நாளே ஒரு கெடு குறித்தாக வேண்டும் என்பதுமே நமது கட்சி.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவதே பிசகு என்று நாம் சொல்லவில்லை. ஐந்நூறு பேருடைய தபால் பெட்டிகளை ஒரே இரவில் பெயர்த்து வைப்போம் என்பது சாகஸமே தவிர நிர்வாகமாகாது. முறை இருக்கிறது. புதிய ஸர்வரை நிறுவி, வெளியிலிருந்து வருவோர் எல்லோரையும் அதன் வாசலுக்கே வரச்செய்ய வேண்டும். ஒருவருடைய பெட்டி இன்னும் பழையதில் இருந்தால், புதியது அவருடைய வேண்டுகோளை வாங்கி, உள்ளுக்குள்ளேயே பழையதனிடம் அனுப்பிப் பதிலைப் பெற்றுக் கொடுக்கும். பெட்டிகளை ஒவ்வொரு பகுதியாக நகர்த்தலாம். நகரும்போதே சொந்தக்காரர் கடிதங்களைப் படிக்கலாம், எழுதலாம். முடிவில் அவுட்லுக்கை ஒரு முறை மூடித் திறந்தால் போதும், விலாசம் மாறுவதில்லை. இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆற்றைக் கடக்கக் கட்டிய பாலம் இது; குடியிருக்கக் கட்டிய வீடன்று.

ஏற்பாட்டைச் செய்தவர்களே அதற்கு எல்லையும் வகுத்திருக்கிறார்கள். 2016 பதிப்பு 2010, 2013 ஆகிய பதிப்புகளோடு சேர்ந்து வாழும். 2019 பதிப்பு 2013, 2016 ஆகியவற்றோடு மட்டுமே வாழும். 2010 இருக்கும் வீட்டில் அது காலெடுத்து வைக்காது. 2025 ஜூலை 1-ந் தேதி வெளிவந்த சந்தாப் பதிப்போ 2013 இருக்குமிடத்தையும் ஏற்க மறுக்கிறது. 2010-ஐக் கட்டிக்கொண்டு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவர், 2019-ஐ அடைய இடையில் மற்றொரு பதிப்பில் தங்கித்தான் போக வேண்டியதாயிற்று. ஒரு பிரயாணம் இரண்டாயிற்று, செலவும் இரட்டித்தது.

சேர்ந்து வாழும் காலத்துச் சங்கடங்களும் சில உண்டு. புதியதை நிறுவுமுன் ஆக்டிவ் டைரக்டரி என்னும் பொதுப் பதிவேட்டின் அமைப்பையே விரிவாக்க வேண்டும். ஒரு முறை விரித்ததைச் சுருக்க வழி கிடையாது. நிறுவிய மாத்திரத்தில் புதிய ஸர்வர் தன் பெயரை அப்பதிவேட்டில் தானே எழுதிக்கொள்கிறது. காரியாலயத்தில் உள்ள அவுட்லுக்குகள் அப்பெயரைக் கண்டு அதனிடம் வழி கேட்கச் செல்லும். அதன் சர்டிபிகேட்டோ அது தானே கையெழுத்திட்டுக்கொண்ட தற்காலிகச் சீட்டு. நிர்வாகி உடனே கவனிக்காவிட்டால், மறுநாள் காலை ஊழியர் திரைகளில் எச்சரிக்கை முளைத்து நிற்கும். பப்ளிக் போல்டர்களின் அமைப்பு 2013 பதிப்பில் அடியோடு மாறிற்று. புதிய ஸர்வருக்குப் போனவர் பழைய போல்டர்களைப் பார்க்கலாம். பழைய ஸர்வரில் தங்கியவர் புதிய போல்டர்களைப் பார்க்க முடியாது. ஆகையால் எல்லோருடைய பெட்டிகளையும் நகர்த்திய பின்பே போல்டர்களை நகர்த்துதல் உசிதம்.

இவையெல்லாம் விஷயம் தெரிந்தவர் சமாளித்துவிடக்கூடியவை. சமாளிக்க முடியாதது பொறுப்பின் பிளவேயாகும். 1919-ம் வருஷச் சட்டத்தின்படி மாகாணங்களில் நடந்த இரட்டை ஆட்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். கல்வியும் ஸ்தல ஸ்தாபனங்களும் மந்திரிகள் கையில். பொக்கிஷமும் போலீஸும் கவர்னருடைய நிர்வாக சபையார் கையில். காரியம் நடக்காவிட்டால் மந்திரி பொக்கிஷத்தைக் காட்டலாம். பொக்கிஷத்தார் மந்திரியைக் காட்டலாம். 1937-ம் வருஷம் ஏப்ரலில் மாகாணங்களில் அது ஒழிந்தது. இரண்டு ஸர்வர்கள் உள்ள இடத்தில் அதே இரட்டை ஆட்சி இன்றும் நடக்கிறது.

பிறரைச் சொல்வானேன்? நம் காரியாலயத்தின் கதையையே சொல்லிவிடுகிறோம். 2019-ம் வருஷத்தில் 2013 பதிப்பிலிருந்து 2019 பதிப்புக்கு மாறினோம். பெட்டிகள் யாவும் இரண்டு வாரங்களில் நகர்ந்தன. பழைய ஸர்வரை மட்டும் 'ஒரு மாதம் இருக்கட்டும்' என்றார் வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரர். விளம்பரப் பகுதியில் ரசீது தயாரிக்கும் புரோகிராமும், மாடியிலிருந்த ஸ்கானரும் அந்தப் பழைய ஸர்வர் வழியாகவே கடிதம் அனுப்பிவந்தன. நாமும் தலையசைத்தோம். ஒரு மாதம் இரண்டு வருஷமாயிற்று. கோர்ட்டில் வாய்தா கேட்டுப் பழகிய நமக்கு அது வாய்தாவாகவே தோன்றவில்லை.

2021 மார்ச் 2-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2013, 2016, 2019 ஆகிய மூன்று பதிப்புகளுக்கும் அவசரத் திருத்தங்களை வெளியிட்டார்கள். நமது புதிய ஸர்வருக்குத் திருத்தம் போட்டாயிற்று என்று அறிக்கை வந்தது. பழையதைப் பற்றி விசாரித்தோம். 'அது உங்கள் ஆட்களின் பொறுப்பு' என்றார் ஒப்பந்தக்காரர். 'அவர் பொறுப்பென்று நினைத்தோம்' என்றார்கள் நம் ஆட்கள். வெளியிலிருந்து அதற்குச் செல்லும் வழியும் அடைக்கப்படாமலே கிடந்தது. திறந்து பார்த்தபோது, நம்மில் யாரும் வைக்காத சிறு பைல் ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது.

அதில் ஒரு தபால் பெட்டியும் இல்லையே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெட்டிகள் இல்லாவிட்டாலும் எக்ஸ்சேஞ்ச் ஸர்வருக்குப் பொதுப் பதிவேட்டில் பெரிய அதிகாரங்கள் உண்டு. அந்தக் காலி வீட்டின் சாவி, குடியிருக்கும் வீட்டையும் திறக்கும். எந்தக் கடிதம் பிறர் கண்ணில் பட்டது, எது படவில்லை என்று இன்றளவும் நம்மால் சத்தியம் செய்ய முடியாது. பெயர் வெளிவரலாகாதென்று கேட்டுக்கொண்டு நமக்கு எழுதிய அன்பர்களைத் தனித்தனியே கண்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஒருவர் அதன் பின் நமக்கு எழுதுவதே இல்லை. குற்றம் ஒப்பந்தக்காரரைச் சேர்ந்ததன்று. கெடு குறிக்காத நம்மைச் சேர்ந்தது.

அந்த மாதம் அடிபட்டவர்கள் நாம் மட்டுமல்லர். நார்வே பார்லிமெண்டும் ஐரோப்பிய பாங்கிங் அதாரிட்டியும் தாக்கப்பட்டன. ஏப்ரலில் அமெரிக்காவில் எப்.பி.ஐ. போலீஸார் நீதிமன்ற உத்தரவு பெற்று, தனியாருடைய ஸர்வர்களுக்குள் தாமே புகுந்து, திருடர் விட்டுச் சென்ற கள்ளக் கதவுகளை அகற்றினார்கள். சொந்தக்காரரின் முன்சம்மதம் கேட்கப்படவில்லை. நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆயினும் சுதந்திரத்தில் பற்றுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் வீட்டுக் கதவைத் தான் சாத்தாதவன் வீட்டில், திருடனுக்குப் பின்னால் சர்க்காரும் நுழைகிறது.

'புதியதிலும் பழுது வருகிறதே' என்பார் சிலர். வராமலில்லை. 2022 ஜனவரி 1-ந் தேதி 2016, 2019 பதிப்புகளில் கடிதங்கள் வரிசையில் தேங்கி நின்றன. அவற்றின் கிருமித் தடுப்புப் பகுதி அன்றைய தேதியை 2201010001 என்ற ஒரே எண்ணாக எழுதிற்று. 2147483647-க்கு மேல் எண்ண அதற்கு இடமில்லை. ஆனால் அன்றே பரிகாரமும் வந்தது. ஆதரவிலுள்ள பதிப்புக்கு நோய் வந்தால் வைத்தியன் வருவான். ஆதரவு தீர்ந்ததற்கு யார் வருவார்? 2013 பதிப்புக்கு 2023 ஏப்ரல் 11-ந் தேதியும், 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

'சந்தாப் பதிப்புக்கு ஓயாமல் பணம் கட்ட வேண்டுமே' என்று முறையிடுவோரிடம் நமக்கு அநுதாபம் உண்டு. ஒரே கம்பெனியை நம்பியிருப்பதன் கஷ்டம் அது. வேண்டாதவர்கள் வேறு ஏற்பாட்டுக்குத் தாராளமாகப் போகட்டும். எங்கும் போகாமல் பழையதன் மடியிலேயே படுத்திருப்பதற்கு அது சமாதானமாகாது.

வழி காட்டச் சட்டத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி பாரதிய நியாய சம்ஹிதை அமுலுக்கு வந்தபோது, 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. அத்தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அது இன்னும் செல்லுபடியாகிறது. பின் நடந்தவற்றுக்கு அது கிடையாது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இடையில் ஒரு தேதி கோடு கிழிக்கிறது. கோர்ட்டில் எவருக்கும் மயக்கமில்லை.

ஸர்வர் விஷயத்திலும் அவ்வாறே செய்க. புதியதை வாங்கும் உத்தரவிலேயே பழையதை நிறுத்தும் தேதியை எழுதுக. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மனிதரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குக. அதுவரை இரண்டுக்கும் ஒன்றுபோல் திருத்தங்கள் போடுக. ஸ்கானர், ரசீதுப் புரோகிராம் உட்படப் பழையதன் வழியாகக் கடிதம் அனுப்பும் யாவற்றுக்கும் ஜாபிதா தயாரித்து, ஒவ்வொன்றையும் புதியதன் பக்கம் திருப்புக. மனிதர் பெட்டிகளோடு, ஸர்வர் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் பெட்டிகளையும் நகர்த்துக. கடைசியில் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போகாமல், முறைப்படி நீக்குக. இல்லாவிடில் இறந்தவன் பெயர் வோட்டர் லிஸ்டில் நிற்பதுபோல் அதன் பெயர் பதிவேட்டில் நின்றுகொண்டேயிருக்கும்.

இவற்றுள் ஒன்றும் பெரும் பணம் கேட்பதல்ல. தேதி குறிக்கும் துணிவு ஒன்றே வேண்டும். அத்துணிவு 2019-ல் நம்மிடம் இருந்திருந்தால், நமக்கு எழுதுவதை நிறுத்திய அந்த அன்பர் இன்றும் எழுதிக்கொண்டிருப்பார்.