அறிவுரையும் ஓர் அமானிதமே



மருத்துவர், பொறியாளர், கணக்காயர் என்னும் மூன்று வாசல்களையே நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி வருகிறோம். நிர்வாக ஆலோசகர் என்றொரு தொழிலும் உண்டு. தொண்டு நிறுவனங்களுக்கும் புதிதாய் முளைத்த வணிக நிறுவனங்களுக்கும் வழி சொல்வதே அவர் பணி. இத்தொழிலை ஏறத்தாழ அறுபதாண்டுகள் கண்ணியத்தோடு நடத்திக் காட்டிய பீட்டர் டிரக்கரைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறேன்.

1909ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பிறந்தவர் அவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் சட்டம் பயின்று முனைவரானார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டே ஜெர்மனியை விட்டு வெளியேறி இலண்டன் சென்றார். 1937இல் அமெரிக்கா சேர்ந்தார். 1943இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன்னை உள்ளிருந்து ஆராய்ந்து பார்க்க அவரை அழைத்தது. அதன் பயனாய் 1946இல் வெளிவந்த நூலை அந்நிறுவனத்தின் தலைவர்கள் விரும்பவில்லை. அழைத்தவர் மனம் குளிரும்படி எழுதுவதற்காகத் தாம் கண்டதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும். ஆலோசனை கேட்கப்படுபவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் பாடம். அப்பாடத்தை ஓதாத ஒருவர் அதன்படி நடந்திருக்கிறார்.

ஆலோசகர் என்றதும் கழுத்துப் பட்டியும் கனத்த அறிக்கையும் நம் நினைவில் தோன்றும். அவ்வறிக்கைகளுள் பெரும்பாலானவை அலமாரியில் உறங்குகின்றன என்பது வேறு கதை. டிரக்கரோ தம் வீட்டிலிருந்தே பணியாற்றினார். செயலாளர் எவரையும் வைத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியைத் தாமே எடுத்தார். அவருடைய கருவி கேள்விதான். உங்கள் நோக்கம் யாது? நீங்கள் யாருக்காக இருக்கிறீர்கள்? அவர்கள் எதனைப் பெரிதென மதிக்கிறார்கள்? உங்களால் விளைந்த பயன் யாது? இனி என்ன திட்டம்? கேட்பதற்கு எளியவை போல் தோன்றும். விடை கூற அமரும்போதுதான் வியர்க்கும்.

மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு நோக்கம் வகுத்த கதையை அவரே எழுதியுள்ளார். நலத்தைப் பேணுவதே எங்கள் பணி என்று நிர்வாகிகள் முதலில் கூறினர். அது பொருந்தாது, நோயைத்தான் நீங்கள் கவனிக்கிறீர்கள் என்றார் அவர். நெடிய விவாதத்திற்குப் பின், துன்புற்று வருவோருக்கு ஆறுதலும் உறுதியும் அளிப்பதே அப்பிரிவின் நோக்கம் என்ற முடிவுக்கு வந்தனர். வருபவருள் பெரும்பாலோருக்குப் பெரிய நோய் ஏதும் இருப்பதில்லை, அச்சமே மிகுதி. நோக்கம் இதுவானால், வந்த ஒருவரைத் தகுதி வாய்ந்த ஒருவர் ஒரு நிமிடத்திற்குள் பார்த்தாக வேண்டும். ஆக, ஒரு சொற்றொடர் திருந்தியதனால் அப்பிரிவின் அன்றாட வேலைமுறையே மாற வேண்டியதாயிற்று.

அமெரிக்கப் பெண் சாரணியர் இயக்கம் மற்றொரு சான்று. 1976இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற ஃபிரான்சஸ் ஹெசல்பைன் அம்மையார் டிரக்கரின் கருத்துகளைப் பயின்று செயல்படுத்தியவர். பின்னர் அவரையே அழைத்து ஆலோசனையும் பெற்றார். இயக்கத்திற்கு வரும் சிறுமியரை மட்டுமன்றி, ஊதியமின்றி உழைக்கும் தொண்டரையும் மனநிறைவு பெறச் செய்ய வேண்டும் என்பது அங்கே உணரப்பட்டது. சிறுபான்மை இனத்துச் சிறுமியர் பெருமளவில் சேர்ந்தனர். தொண்டு நிறுவனங்கள் பலவற்றிடம் டிரக்கர் கட்டணமே பெறவில்லை. எனினும் கட்டணம் இல்லை என்பதற்காகக் கேள்வியின் கூர்மையைக் குறைக்கவில்லை. இலாப நட்டக் கணக்கு என்னும் உரைகல் இல்லாத நிறுவனமே தன் பயனைக் கூடுதலாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு சொல். நம் யதீம்கானாக்களின் ஆண்டறிக்கைகளில் எத்தனை பிள்ளைகளுக்கு உணவளித்தோம், எத்தனை மூட்டை அரிசி வந்தது என்ற கணக்குகள் பழுதின்றி இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் வெளியேறிய பிள்ளைகள் இன்று எங்கே, எந்நிலையில் இருக்கிறார்கள் என்னும் கணக்கு எத்தனை அறிக்கைகளில் உண்டு? ஜகாத்தும் ஸதகாவும் அளித்தவர் அதனையன்றோ அறிய விரும்புவார்? முத்தவல்லிமார் இதனைக் குறையாகக் கொள்ளலாகாது. இக்கேள்வியைக் கேட்பதற்கு வெளியார் ஒருவர் தேவைப்படுகிறார். உள்ளிருப்போருக்கு உறவும் கூச்சமும் தடை.

புதிய வணிகங்களைக் குறித்து 1985இல் அவர் ஒரு தனி நூல் எழுதினார். தொழில்முனைவு பிறவி மேதைகளின் வரமன்று, முறையாகப் பயிலத்தக்க ஒழுங்கு என்பது அதன் சாரம். வளரும் நிறுவனத்திற்கு இலாபத்தைவிடக் கையில் புழங்கும் ரொக்கமே முதற்கவலையாக இருக்க வேண்டும் என்றும், தேவை நேரும் முன்பே பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் குழுவை உருவாக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தந்தையார் ஒருவரே கல்லாவிலும் கிடங்கிலும் நின்று நடத்தும் நம் குடும்பக் கடைகள் இரண்டாவது செய்தியை ஊன்றிப் படித்தல் நலம்.

இத்தொழிலை நாடும் இளைஞர்கள் பட்டம் பெற்ற கையோடு அறிவுரை கூறப் புறப்படலாகாது. கணக்கேட்டை வாசிக்கக் கற்று, ஒரு நிறுவனத்தின் உள்ளே சில ஆண்டுகள் பாடுபட்டுவிட்டு வருதல் நன்று. பெண்மக்களுக்கும் இத்துறை ஏற்றதே. ஹெசல்பைன் அம்மையார் 1990இல் தொடங்கப்பட்ட டிரக்கர் அறக்கட்டளையை முன்னின்று நடத்தி, 107 வயதில் 2022இல் மறைந்தார்.

டிரக்கர் 2005ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காலமானார். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் அவர் கற்பித்த நிர்வாகக் கல்விக்கூடம், அவர் பெயரோடு மசதோஷி இத்தோ என்னும் ஜப்பானியரின் பெயரையும் 2004 முதல் தாங்கி நிற்கிறது. குடும்பத்தின் சிறிய ஆடைக் கடையைப் பெரும் அங்காடி நிறுவனமாக வளர்த்த அந்த வணிகர், டிரக்கரின் நெடுநாள் நண்பர். அக்கல்விக்கூடத்திற்குப் பெருநிதி வழங்கியவர்.