இரண்டாம் முனையத்துக்கு வழி எது?

1960-ஆம் ஆண்டு, இறுகிய மணல் ஓடுபாதை ஒன்றோடு தொடங்கிய துபாய் விமான நிலையம், இன்று உலகின் நாலு திக்கும் வந்து கூடும் நாற்சந்தி! 2024-ஆம் ஆண்டில் மட்டும் அதன் வழியே வந்து போனோர் 9 கோடியே 23 லட்சம் பேர். எந்த நாட்டுக்கு வந்து போனோர் அதிகம்? இந்தியாவுக்கு! அவர்களிலே கோட்டும் சூட்டும் அணிந்த கோமான்களும் உண்டு. கொத்துக்கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கரங்களும் உண்டு.

அந்த நிலையத்துக்கு முனையங்கள் மூன்று. ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம். இரண்டாம் முனையம் மட்டும் ஓடுபாதைகளுக்கு அப்பால், மறுபக்கம்!

முதல் முனையத்திலிருந்து விமானம் ஏறும் 'டி' கட்டிடத்துக்குப் போக ரயில், 2016-இல் வந்தது. மூன்றாம் முனையத்திலிருந்து 'ஏ' கட்டிடத்துக்குப் போகவும் ரயில். நகரத்து மெட்ரோவின் சிவப்பு வழித்தடம் இந்த இரு முனையங்களின் வாசலிலும் நிற்கிறது. இரண்டாம் முனையத்துக்கு? ரயில் இல்லை. மெட்ரோ வாசலுக்கு வருவதில்லை. பச்சை வழித்தடத்தில் பக்கத்து நிலையத்தில் இறங்கி, பிறகு வழி தேட வேண்டும். முனையத்துக்கு முனையம் மாற பஸ், இல்லையேல் டாக்சி.

அந்த இரண்டாம் முனையத்தில் வந்திறங்குவோர் யார்? குறைந்த கட்டண விமானங்கள் பெருமளவு கூடும் இடம் அது. குறைந்த கட்டணம் தேடுவது சீமானா? ஊரிலே கடன், வீட்டிலே தங்கையின் திருமணம், நெஞ்சிலே ஏக்கம் — இவற்றைச் சுமந்து செல்லும் பாட்டாளி அல்லவா!

வேண்டுமென்றே செய்த ஓரவஞ்சனை என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. நெரிசலைக் குறைக்க 1998-இல் திறந்த முனையம் அது. இடம் அப்படி அமைந்தது. ஆனால் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அங்கே ரயில் போகவில்லையே, ஏன்? கேட்கக்கூடிய கேள்விதானே!

நம் தோழன் ஒருவன் திருச்சியிலே ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் விமானம் மாறி வேறொரு நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் கவலை குறைவு. பெட்டியை விமானக் கம்பெனியே மாற்றிவிடும். அவனை நிலையத்தின் உட்புறமாகவே பஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் சில ஆயிரம் குறைகிறதே என்று, தனித்தனியே இரண்டு டிக்கெட் வாங்கித் தருகிறார் ஏஜெண்டு. இரண்டாம் முனையத்தில் இறங்கி, மூன்றாம் முனையத்தில் ஏற வேண்டும்!

பெட்டியை அவனே எடுக்க வேண்டும். எடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும். தாண்ட விசா வேண்டும். விசா இல்லை! பஸ் வெளியே நிற்கிறது. அவன் உள்ளே நிற்கிறான். ஏற வேண்டிய விமானமோ ஓடுபாதைக்கு அப்பால், அவனை விட்டுவிட்டுப் பறக்கிறது. போனது டிக்கெட் பணம் மட்டுமா? வேலையில் சேரும் நாளும் போயிற்று. வளர்ந்தது எது? வட்டி!

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தைப் பாருங்கள். அமெரிக்க மண்ணில் இறங்கவே விசா வேண்டும். அது வேறு வழக்கு. ஆனால் 2003 முதல் அங்கே ஒரு ரயில் எல்லா முனையங்களையும் சுற்றி வருகிறது. முனையத்துக்கு முனையம் போகக் காசில்லை. வெளியே நகரத்து ரயிலைப் பிடிக்கப் போனால்தான் கட்டணம். விமானத்திலே முதல் வகுப்பு, கடைசி வகுப்பு என்ற பேதம் உண்டு. தரையிலே ஓடும் அந்த ரயிலுக்கு அது தெரியாது!

துபாயில் புதிய நிலையம் எழ இருக்கிறது. அல் மக்தூம் நிலையத்தை 12,800 கோடி திர்ஹம் செலவில் விரிவாக்கப்போவதாக 2024-இல் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 26 கோடிப் பயணிகளைத் தாங்குமாம். வாழ்த்துகிறோம். அதைக் கட்டும் கைகள் யாருடையவை என்பதையும் மறவாதீர் என்கிறோம். அங்கேனும், மலிவு டிக்கெட்காரன் இறங்கும் இடத்துக்கும் மற்ற முனையங்களைப் போலவே ரயில் ஓடட்டும்!

அதுவரை நம் கடமை என்ன? டிக்கெட்டைக் கையில் வாங்குமுன் மூன்று கேள்வி. எந்த முனையத்தில் இறங்குவேன், எதில் ஏறுவேன்? இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டா? என் பெட்டி கடைசி ஊர்வரை தானே போய்ச் சேருமா? பதில் சொல்லத் தயங்கும் ஏஜெண்டிடம் பணத்தை நீட்டாதீர்!

தோழர்களே, இந்த மூன்று கேள்விகளைப் படிப்பகப் பலகையிலே எழுதி வையுங்கள். கடல் கடந்து போகும் தம்பியின் காதிலே போட்டு அனுப்புங்கள். வழியனுப்பும்போது மாலை போடுகிறோம், மாலை வாடிவிடும். வழி சொல்லி அனுப்பினால், அவன் போய்ச் சேருவான்!