தனியாளாக பிரேக் ஏர் எடுக்க எந்தக் கருவி வாங்கலாம்?

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் மிதித்தும் பிரேக் பிடிக்காது. அதனால்தான் பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஆள் இல்லையா? மூன்று வழி இருக்கு.

வேக்குவம் பம்ப்: நிப்பிளில் மாட்டி ஆயிலை உறிஞ்சும். மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து வரும். குமிழி லைனில் இருந்து வருதா, வெளியிலிருந்தா என்றே குழப்பம்.

பிரஷர் ப்ளீடர்: ஆயில் டேங்கிலிருந்து அழுத்தித் தள்ளும். வேகமான வேலை. ஆனால் காருக்குப் பொருந்தும் மூடி வேண்டும். கசிந்தால் பெயின்ட் போச்சு.

ஒன்வே வால்வு ட்யூப்: நீங்களே மிதிக்கலாம், வெளியேறிய காற்று ட்யூப் வழியாகத் திரும்பாது. விலையும் குறைவு. எப்போதாவது ஆயில் மாற்றுபவருக்கு இதுவே போதும். மிச்சப் பணத்தில் நல்ல ரிங் ஸ்பேனர் வாங்குங்க. நிப்பிள் மழுங்கினால் செலவு அதிகம்.

எதை வாங்கினாலும் டேங்கில் ஆயில் தீரவே கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போனால், பல கார்களில் ஸ்கேன் டூல் இல்லாமல் எடுக்க முடியாது. வேலை முடிந்தும் பெடல் பஞ்சு மாதிரி இறங்குதா? வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்க.