வெளியே மழை... உள்ளே குளியல்!

ஐப்பசி பொறந்தா போதும், சி.டி.ஹெச். ரோட்டுல தினமும் காலையில ஒரு ஃபேஷன் ஷோ! திருமுல்லைவாயல் பஸ் ஸ்டாப்புல குடைங்க வரிசை கட்டி நிக்கும். பைக்ல போறவர் அப்பா காலத்து ரெக்ஸின் கோட்டுக்குள்ள பதுங்கியிருப்பார். சைக்கிள்ல வர்ற நம்ம ஆளு? தலையில ஒரு கேரி பேக், முதுகுல புஸ்தக மூட்டை, முகத்துல 'ஒன்பதரைக்கு இன்டர்னல்ஸ்'ங்கற பீதி!

இதுல சில புத்திசாலிங்க உண்டு. பாக்கெட் மணியைச் சேர்த்து வெச்சு ஒரு மழைக்கோட்டு வாங்கிடுவாங்க. ஆவடியிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் சுமார் பத்து கிலோமீட்டர் கெத்தா மிதிச்சுட்டு வந்து, காலேஜ் ஸ்டாண்டுல கோட்டைக் கழட்டினா... சட்டையைப் பிழியலாம்! 'கடைக்காரர் ஓட்டைக் கோட்டைத் தலையில கட்டிட்டார்'னு புலம்புவாங்க. பாவம், அவர் மேல தப்பே இல்லை. கோட்டுல ஒரு பொட்டு மழைகூட இறங்கலை. அது மொத்தமும் வேர்வை!

அதனால இந்த வார 'ரெண்டு சக்கர'த்துல நம்ம மேட்டர், மழையைத் தடுத்து வேர்வையை வெளியே விடற ஜாக்கெட். 1949ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கின அம்பத்தூரும், 1961லேர்ந்து ராணுவச் சீருடை தைக்கிற ஃபேக்டரி இருக்கற ஆவடியும் நம்ம ஏரியா. சைக்கிளும் துணியும் நமக்குப் புரியலைன்னா எப்படி?

உள்ளே ஒரு இன்ஜின் ஓடுது!

மிதிக்கிற உடம்பு ஒரு சுமாரான இன்ஜின்தான். செலவழிக்கிற சக்தியில கால்வாசிதான் பெடலுக்குப் போகுது. மீதி முக்கால்வாசி சூடு. அதைத் தணிக்கத்தான் வேர்வை. கொஞ்சம் வேகமா மிதிச்சா மணிக்கு அரை லிட்டர் சர்வசாதாரணம். பி.வி.சி., ரெக்ஸின் கோட்டுல அந்த ஆவிக்கு வழியே கிடையாது. இட்லிக் குண்டான் மூடியில தண்ணி சொட்டுமே, அதே கதை உங்க முதுகுல நடக்கும்.

இதுக்கு ஒரு வழி கிடைச்சது 1969ல. அமெரிக்காவுல பாப் கோர்னு ஒருத்தர். தோசைக்கல்லுல ஒட்டாம இருக்கப் பூசறாங்களே டெஃப்லான், அந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கி மெதுவா இழுத்து இழுத்துப் பார்த்தார். அறுந்துக்கிட்டே இருந்தது. ஒரு தடவை வெடுக்குனு இழுத்தார். அறுந்து போகாம நீளமா வந்துடுச்சு! உள்ளே பார்த்தா கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஓட்டைங்க. மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னது, நீராவி தப்பிக்கிற அளவுக்குப் பெரிசு. 'கோர்-டெக்ஸ்'ங்கற பேர்ல 1976ல மார்க்கெட்டுக்கு வந்தது. இப்போ பாலியூரிதேன் படலத்துல செய்யற மலிவான தம்பிங்களும் நிறைய உண்டு.

லேபிள்ல இருக்கற நம்பர் என்ன சொல்லுது?

நல்ல ஜாக்கெட் லேபிள்ல ரெண்டு நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு 10,000 / 10,000.

முதல் நம்பர், தண்ணி எவ்வளவு அழுத்தினா துணி தோத்துப்போகும்னு சொல்லுது. லேப்ல துணியை இறுக்கிக் கட்டி தண்ணி அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போவாங்க. மூணு இடத்துல துளி எட்டிப் பார்த்தா அவுட்! 10,000 மில்லிமீட்டர்னா பத்து மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தத்தைத் தாங்கும்னு அர்த்தம். மூணு மாடி உயரம் பாஸ்! வானத்துலேர்ந்து விழற மழைக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனா, புஸ்தகப் பையோட பட்டை தோள்ல அழுத்துமே, அங்கேதான் குறைஞ்ச நம்பர் கோட்டு முதல்ல கசியும்.

ரெண்டாவது நம்பர், ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் நீராவி வெளியே போகும்ங்கற கணக்கு. 10,000னா மணிக்கு 400 கிராம் சொச்சம். 'அட, நம்ம அரை லிட்டர் வேர்வை கிட்டத்தட்ட சரியாப் போச்சே'னு துள்ளிக் குதிக்காதீங்க. இங்கேதான் ட்விஸ்ட்!

கார்த்திகை மாசத்துக் கொடி

அடைமழை நாள்ல துவைச்ச துணி எத்தனை நாள் கொடியில தொங்கும்? ரெண்டு நாள், மூணு நாள்... அப்புறம் ஒரு நாத்தம் வேற. ஏன்? காத்துலயே ஈரம் நிரம்பியிருக்கு. புதுசா வர்ற ஆவிக்கு இடமில்லை. ஜாக்கெட்டுக்கும் இதே சட்டம்தான்! உள்ளே இருக்கற ஆவியோட அழுத்தத்துக்கும் வெளியே இருக்கறதுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் துணி வழியா வெளியே தள்ளும். லேப்ல அந்த வித்தியாசத்தை நல்லா வெச்சுக்கிட்டு சோதிக்கிறாங்க. நம்ம ரோடு லேப் இல்லையே!

ஒரு சின்னக் கணக்கு. லண்டன்ல 10 டிகிரி குளிர்ல மழை. ஆவடியில 25 டிகிரியில மழை. ரெண்டு ஊர்லயும் ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்குங்க. நம்ம ஊர்க் காத்துல நீராவியோட அழுத்தம் லண்டனைவிட இரண்டரை மடங்கு! அதனால ஜாக்கெட்டுக்குக் கிடைக்கிற 'தள்ளு', அங்கே கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குகூட இங்கே இல்லை. குளிர் தேசத்துக்காரர் 'சூப்பர் ஜாக்கெட்'னு மார்க் போட்டதை நம்பி நீங்க காசைக் கொட்டினா, பூந்தமல்லி வர்றதுக்குள்ள புழுங்கிடுவீங்க.

அப்போ நமக்கு வேண்டியது என்ன? பெரிய நம்பரைவிடப் பெரிய ஜன்னல்! அக்குளுக்குக் கீழே திறக்கிற ஜிப், முதுகுல மடிப்புக்குள்ள வலை வெச்ச காத்துவழி, மேலேயும் கீழேயும் திறக்கிற ரெட்டை ஜிப். காத்து உள்ளே நுழைஞ்சு வெளியே போனா, துணி செய்யாத வேலையை அது செஞ்சுடும். இருபதாயிரம் நம்பர் போட்ட ஜன்னல் இல்லாத ஜாக்கெட்டைவிட, அஞ்சாயிரம் நம்பர் போட்ட ஜன்னல் வெச்ச ஜாக்கெட் நம்ம ஊருக்கு உத்தமம்.

கடைக்குள்ள நுழைஞ்சாச்சா?

லேபிளை முழுசாப் படிங்க. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னா தூறலுக்குத்தான். 'வாட்டர்ப்ரூஃப்'னு தெளிவாப் போட்டிருக்கணும்.

உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் போன இடத்துல எல்லாம் ஊசி போட்ட ஓட்டை இருக்கும். அது மேல நீளமா டேப் ஒட்டியிருக்கா? தோள், கைச் சேர்க்கையில டேப் இல்லைன்னா துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் வேஸ்ட்.

வாயால ஊதிப் பார்த்து 'காத்து வரலை, இது பிரீத்தபிள் இல்லை'னு தீர்ப்புச் சொல்லாதீங்க. காத்து போறது வேற, ஆவி போறது வேற. நல்ல படலத்துலயும் ஊதினா காத்து வராது.

கண்ணாடி முன்னாடி ஹீரோ மாதிரி நிமிர்ந்து நின்னு பார்க்காதீங்க. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிஞ்சு, கையை நீட்டுங்க. முதுகு இடுப்புக்குக் கீழே வரைக்கும் மூடுதா? மணிக்கட்டு வெளியே தெரியுதா? தொப்பியைப் போட்டுக்கிட்டுத் தலையைத் திருப்புங்க. தலையோட தொப்பியும் திரும்பணும். திரும்பலைன்னா, பின்னாடி வர்ற லாரிக்குப் பதிலா தொப்பியோட உள்பக்கம்தான் தெரியும்!

போஞ்சோ வேணாமா? மூணு, நாலு கிலோமீட்டர்தான்னா அதுவே போதும். காத்து தாராளமா வரும், விலையும் குறைவு. ஆனா, நுனி சக்கரத்துல மாட்டக் கூடாது, காத்துல பாய் மரமாப் பறக்கவும் கூடாது. தோழிகளே, துப்பட்டாவுக்கும் இதே ரூல். கட்டி உள்ளே செருகிட்டு ஏறுங்க.

உள்ளே காட்டன் சட்டை வேணாம். ஈரத்தைக் குடிச்சிட்டு விடாது. விளையாட்டு டி-ஷர்ட்டுல போய்ச் சேருங்க, அங்கே மாத்திக்குங்க.

வாங்கினப்புறம் துணி மேல தண்ணி முத்து முத்தா உருளுதான்னு அப்பப்போ பாருங்க. உருளாம ஊறிச்சுன்னா மேல்துணியே ஈரமாகி ஆவியை அடைச்சிடும். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் போடாம அலசுங்க. லேபிள் அனுமதிச்சா மட்டும் லேசா இஸ்திரி போடுங்க, பழைய குணம் பெரும்பாலும் திரும்பும்.

பட்ஜெட் டைட்டா?

அப்போ வரிசையை மாத்துங்க மக்களே! ப்ளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிளையே இன்னும் ஓட்டறவங்க நம்மில் எத்தனை பேர்? ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்குல செலவழிக்க எல்லார் வீட்டுலயும் முடியாது. முடியணும்னும் இல்லை. 25 டிகிரி மழையில நனைஞ்சா உயிர் போயிடாது. உயிர் போற விஷயம் வேற. அது, பின்னாடி வர்ற கன்டெய்னர் லாரி டிரைவருக்கு நீங்க தெரியாமப் போறது.

மழை நாள் சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டு. வைப்பர் ஓடற கண்ணாடிக்குள்ளேர்ந்து பார்த்தா கறுப்புக் கோட்டும் தார் ரோடும் ஒண்ணுதான். அதனால முதல் காசு விளக்குக்கு. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு. ரெண்டாவது காசு ரிஃப்ளெக்டர் பட்டைக்கு. அதைக் கணுக்கால்ல கட்டுங்க. மேலே கீழே ஆடற வெளிச்சத்தைப் பார்த்ததும் 'மனுஷன் மிதிக்கிறான்'னு டிரைவர் மூளைக்குச் சட்டுனு புரியும். மூணாவது, மட்கார்டு. கியர் சைக்கிள் பலதுல அது கிடையாது. மேலேர்ந்து வர்ற மழையைக் கோட்டு தடுக்கும், சக்கரம் முதுகுல அடிக்கிற சேத்து மழையை யார் தடுக்கிறது? நாலாவது, கெட்டியான பாலிதீன் கவருக்குள்ள ஒரு செட் உலர்ந்த துணியும் நோட்டும். இது நாலும் முடிஞ்சு மிச்சம் இருந்தாத்தான் ஜாக்கெட். அதுவும் மஞ்சள் இல்லேன்னா ஆரஞ்சு. கறுப்பு கெத்தா இருக்கும்தான். கெத்தைக் காட்ட ஆள் முழுசா வீடு வந்து சேரணுமே!

இன்னொண்ணு. எந்த ஜாக்கெட்டாலயும் ஆகாத நாள்னு ஒண்ணு உண்டு. 2015 டிசம்பரை அண்ணன், அக்காகிட்ட கேளுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்போது அம்பத்தூர் எஸ்டேட் தண்ணியில நின்னதை நாமே பார்த்தோம். ரோடு எது, கால்வாய் எதுன்னு தெரியாத தண்ணியில சைக்கிளை இறக்காதீங்க. அறுந்த கரன்ட் கம்பி எங்கே கிடக்குன்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்கு லீவு போடுங்க. அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜை அப்புறம் ஹெச்.ஓ.டி.கிட்ட பேசித் தீர்த்துக்கலாம்.

மத்த நாள்ல? பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே பிடிங்க, ஈர ரிம்முல நிக்க நேரமாகும். ஜாக்கெட் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்க, மெதுவா மிதிங்க. மெதுவா மிதிச்சா வேர்வையும் கம்மி. அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பினாப் போதும். உலகத்துலயே மலிவான பிரீத்தபிள் டெக்னாலஜி அதுதான்!

(அடுத்த வாரம்: செயின்ல துரு... கிரீஸா, எண்ணெயா?)